பழைய விலை

லோஹா, ஈக்வடார்
12 மார்ச் 2000

செர்வியோ,

நீ ஸ்பெயினுக்குப் போன விஷயத்தை ரொட்டிக்கடை லூஸ் சொல்லித்தான் தெரிஞ்சுக்கிட்டேன். "உன் தம்பி பெட்டியோட கீத்தோ பஸ்ல ஏறினானே, எங்க, வெளிநாடா?"ன்னு கேட்டா. எல்லாம் தெரிஞ்ச மாதிரி தலையாட்டி வச்சேன். அவ நீட்டின ரொட்டியை வாங்காமலே வந்துட்டேன்னு வீட்டுக்கு வந்தப்புறம்தான் தெரிஞ்சது. விலாசம், அங்க இருக்கிற உன் சிநேகிதன் ரமீரோவோட அம்மாகிட்ட வாங்கினது. நீ கொடுக்கச் சொல்லலைன்னு அவங்களே சொன்னாங்க.

கோவம் இருக்கட்டும். ஒரே வீட்ல கீழ கடை, மேல நீயும் நானும். ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம். அப்பா செத்தப்போ, மருந்துக்கடையை ரெண்டு பேரும் சேர்ந்து பார்த்துக்கணும்னு யார் சொன்னது? நீதான். "நான் படிச்சவன், மருந்தைப் பார்த்துக்கறேன். நீ ஆளுங்களைப் பார்த்துக்கோக்கா"ன்னு சொன்னே. நான் ஆளுங்களைத்தான் பார்த்தேன்.

கடை திறந்துதான் இருக்கு. அலமாரியில பாதிக்கு மேல காலி. தலைவலி மாத்திரையும் பஞ்சும் முன்வரிசையில நிறுத்தி வச்சிருக்கேன், நிறைஞ்ச மாதிரி தெரியட்டும்னு. குவாயாகில் மொத்த வியாபாரி நம்ம சுக்ரே நோட்டுன்னு சொன்னாலே போனை வைக்கிறான். இப்போ சட்டமே வந்தாச்சு, இனி எல்லாம் டாலர்தான்னு. நம்ம நோட்டு இன்னும் கொஞ்ச மாசம் ஓடுமாம், அப்புறம் பேங்க்ல கொண்டுபோய்க் கொட்டிடணுமாம்.

குளிருக்கு நல்லதா எதாவது வாங்கிப் போட்டுக்கோ. உனக்கு நெஞ்சுச் சளி சீக்கிரம் பிடிக்கும்.

எனித்


லோர்கா, ஸ்பெயின்
30 ஏப்ரல் 2000

அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நலமாக இருக்கிறேன். ரமீரோவின் அறையில் எட்டுப் பேருடன் தங்கியிருக்கிறேன். விடியும் முன்பே சதுக்கத்தில் போய் நிற்கிறோம், வேன்காரர்கள் ஆள் பொறுக்கிக்கொண்டு போகிறார்கள். ப்ரொக்கோலி வெட்டுகிற வேலை. வெள்ளைக் கோட்டு போட்டவனின் கை எப்படி ஆகியிருக்கிறது என்று நீ பார்க்க வேண்டாம்.

சொல்லாமல் வந்தது தவறுதான். ஆனால் சொல்லியிருந்தால் நாம் இருவரும் மறுபடி அந்தப் பேச்சைத்தான் பேசியிருப்போம். இப்போது தூரத்திலிருந்து ஒரு முறை சொல்லிவிடுகிறேன்.

ஜனவரியில் அந்த ஞாயிற்றுக்கிழமை ஜனாதிபதி தொலைக்காட்சியில் தோன்றி, ஒரு டாலருக்கு இருபத்தைந்தாயிரம் சுக்ரே என்று அறிவித்ததும் நான் உனக்கு என்ன விளக்கினேன்? நம் அலமாரியில் இருப்பதுதான் நம் சொத்து. அதைப் பழைய விலைக்கு விற்றால், அந்தப் பணத்தில் அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் திரும்ப வாங்க முடியாது. நான் குவாயாகிலுக்குப் போய் வியாபாரியிடம் பேசிவிட்டு வரும்வரை கதவைத் திறக்காதே என்றேன். எல்லோரும் பூட்டினார்கள். அரிசிக்கடை பூட்டினான், செருப்புக்கடை பூட்டினான். அவர்களெல்லாம் கெட்டவர்களா?

போராட்டக்காரர்கள் சாலையை மறித்ததில் அங்கேயே மாட்டிக்கொண்டேன். அரசு கவிழ்ந்தது, வழி திறந்தது, நான் ஊர் வந்து சேர்ந்தேன். உள்ளே வந்தால் அலமாரி முழுக்கக் காலி. அப்பாவின் மேசை இழுப்பறை மூட முடியாத அளவுக்கு சுக்ரே நோட்டு. நீ வாசலில் பெருமையோடு நின்றாய். அந்த முகத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

நீ நல்லது செய்தாய் என்று ஊரே சொல்லும். அந்த நல்லதற்கு என் பங்கையும் சேர்த்துக் கொடுத்தாய், என்னைக் கேட்காமல்.

சளி இல்லை.

செர்வியோ


லோஹா
24 செப்டம்பர் 2000

செர்வியோ,

பதில் எழுதக் கூடாதுன்னு இருந்தேன். சிஸ்னே மாதா ஊர்வலம் வந்தப்போ மனசு கொஞ்சம் இளகிச்சு. அப்புறம் உன் கடிதத்தை மறுபடி படிச்சேன், மறுபடி இறுகிப் போச்சு. இன்னைக்கு எழுதிடலாம்னு உட்கார்ந்துட்டேன்.

சுக்ரே முடிஞ்சது. பத்து நாள் முன்னாடி வரைக்கும் கடையில ரெண்டு காசும் ஓடிச்சு, இப்போ டாலர் மட்டும். பேங்க் வாசல்ல வரிசை தெருமுனை தாண்டிப் போகுது. ரூமினாவி தலை போட்ட ஆயிரம் நோட்டை மூட்டையா கட்டிக்கிட்டு சரகுரோ மலையிலேர்ந்து பழங்குடி ஜனங்க நடந்தே வர்றாங்க. மூட்டையைக் கொடுத்துட்டு ரெண்டு பச்சைக் காகிதத்தைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நிக்கிறாங்க. யாரும் சத்தம் போடலை. சத்தம் போட்டிருந்தா எனக்குத் தேவலையா இருந்திருக்கும்.

எல்லா நோட்டும் ஒரே அளவு, ஒரே நிறம். தையல்காரர் செகுண்டோ ஐயாவுக்குக் கண் சரியாத் தெரியாது. ஒத்தை டாலர்னு நினைச்சு இருபதைக் கொடுத்துட்டுப் போறார். நான் பின்னாடியே ஓடிப்போய்த் திருப்பிக் கொடுத்தேன். "ஏம்மா, இந்த மூஞ்சியெல்லாம் யாரு?"ன்னு கேட்டார். எனக்கும் தெரியலை. கிழிஞ்ச நோட்டை எவனும் வாங்குறதில்லை. நம்ம ஊர்ல அச்சடிக்காத காசு, யார்கிட்ட போய் மாத்துறது? ஆயிரம் சுக்ரேக்கு வித்த பொருளுக்குக் கணக்குப்படி நாலு சென்ட் வரணும். நாலு சென்ட் யார்கிட்ட இருக்கு? அஞ்சுன்னாங்க, அப்புறம் பத்துன்னாங்க. இப்போ இருபத்தஞ்சு.

நீ சொன்ன கணக்கு சரி. அதை நான் எப்பவும் தப்புன்னு சொல்லலை. வித்த பணத்துல பாதிக்குப் பாதி மருந்து கூட வாங்க முடியலை. கடை இளைச்சுக்கிட்டே போகுது. ஆனா நான் பெருமையோட நின்னேன்னு எழுதியிருக்கே பாரு, அது பெருமை இல்லைடா. நீ வந்து சேர்ந்தியேங்கிற சந்தோஷம். ரோட்டுல சுடுறாங்கன்னு ரேடியோவுல சொன்னதுலேர்ந்து நான் சரியா சாப்பிடலை.

எனித்


லோர்கா
11 பிப்ரவரி 2001

அக்கா,

ஒரு விஷயம் உன்னிடம் கேட்க வேண்டும். அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறேன்.

டிசம்பரில் ரமீரோவின் அறையை விட்டுக் காலி செய்ய வேண்டியதாகிவிட்டது. வீட்டுக்காரன் விரட்டிவிட்டான். மழையில் பெட்டியோடு சதுக்கத்தில் நின்றேன். யாரோ தோளைத் தொட்டார்கள். திரும்பினால் நம் தெருத் தச்சர் அர்செனியோ காங்கோ. அவர் இங்கே வந்ததே எனக்குத் தெரியாது.

"டாக்டர் தம்பி, நீங்களா? இப்படி நிக்கலாமா?" என்று பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார். அவரும் மூன்று லோஹாக்காரர்களும் இருக்கிற வீட்டுக்குக் கூட்டிப்போனார். ஒருத்தனை எழுப்பிக் கட்டிலைக் காலி செய்ய வைத்தார். நான் வேண்டாம் என்றேன்.

"நீங்க சும்மா இருங்க. டேய், இவர் யார் தெரியுமா? டாலர் வந்தப்போ ஊரே கடையைப் பூட்டிச்சில்ல, பழைய விலைக்கே மருந்து கொடுத்தாரே, அந்தக் கடைக்காரர். குவாயாகில்ல மாட்டிக்கிட்டு இருக்கும்போதும் அக்காவுக்குப் போன் பண்ணி, 'கதவைத் திற, பழைய விலைக்கே கொடு'ன்னு சொன்னவர். என் பொண்டாட்டி டெல்ஃபினாவுக்கு இன்சுலின் அன்னைக்குக் கிடைக்கலைன்னா அவ இன்னைக்கு உயிரோட இல்லை."

எழுப்பப்பட்டவன் எழுந்து நின்று எனக்குக் கை கொடுத்தான்.

நான் வாயைத் திறக்கவில்லை அக்கா. குளிர், பசி என்று காரணம் சொல்லிக்கொள்ளலாம். இரண்டு மாதமாகச் சூப்பு என் தட்டில்தான் முதலில் விழுகிறது. வேன்காரனிடம் எனக்காக அர்செனியோ அண்ணன்தான் பேசுகிறார்.

நான் போன் செய்யவில்லை. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஏன் அப்படிச் சொன்னாய்?

செர்வியோ


லோஹா
8 ஏப்ரல் 2001

தம்பி,

இதை ஒருநாள் நீ கேட்பேன்னு தெரியும். இவ்வளவு தூரத்துலேர்ந்து கேட்பேன்னு தெரியாது.

நீ சொன்ன மாதிரி ரெண்டு நாள் பூட்டித்தான் வச்சிருந்தேன். மாடி ஜன்னல்லேர்ந்து பார்த்தா கீழ ஆளுங்க. முதல்ல தட்டினாங்க. அப்புறம் கூப்பிட்டாங்க. ரெண்டாம் நாள் உன்னை ஏசினாங்க. "அப்பன் கடனுக்கு மருந்து கொடுத்தான், பிள்ளை பிணத்துமேல காசு பார்க்கிறான்"னு ஒருத்தி சொன்னா. யாருன்னு சொல்ல மாட்டேன். ஒரு கல்லு வந்து ஷட்டர்ல விழுந்தது.

மூணாம் நாள் காலையில டெல்ஃபினா வந்தா. அவ ஏசலை. படியில உட்கார்ந்தா, அவ்வளவுதான். அவளுக்கு எழுந்திருக்க முடியலைன்னு மேலேர்ந்து பார்த்தே தெரிஞ்சது. நான் இறங்கி ஷட்டரைத் தூக்கினேன். அவளுக்கு மட்டும் கொடுத்துட்டு இறக்கிடலாம்னுதான் நினைச்சேன். தெருவுல எல்லாரும் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. ஒருத்தருக்குத் திறந்து இன்னொருத்தருக்கு எப்படி மூடறது?

அவங்க உள்ளே வந்ததும் ரெண்டு வழிதான் இருந்தது. "தம்பி பூட்டச் சொன்னான், நான் மீறித் திறக்கிறேன்"னு சொன்னா நான் புண்ணியவதி, நீ பாவி. நீ இந்தத் தெருவுலதானே நடக்கணும். அதனால நீ போன் பண்ணேன்னு சொன்னேன். வாய்ல வந்துடுச்சு, யோசிச்சு சொல்லலை. சொன்னதும் அந்த ஏசினவ அழுதுட்டா.

நீ வந்ததும் சொல்லணும்னு இருந்தேன். நீ வந்த வேகத்துல, இழுப்பறையைத் தூக்கிக் கவுத்த வேகத்துல, எங்க சொல்றது? அப்புறம் நீ பேசலை. அப்புறம் நீ இல்லை.

சூப்பைக் குடி. உன் பேர்ல கொடுத்த மருந்துக்கு வர்ற சூப்பு, அதுல உனக்குப் பாதி உரிமை இருக்கு.

இங்க ஒரு புது டாலர் நாணயம் வந்திருக்கு. தங்க நிறம், குழந்தையை முதுகுல கட்டின ஒரு பொண்ணு. சந்தையில எல்லாருக்கும் அதுதான் பிடிக்குது. சரகுரோக்காரின்னு நினைச்சுக்கிறாங்க. இல்லைன்னு சொல்ல எனக்கு மனசு வரலை.

எனித்


லோர்கா
17 நவம்பர் 2002

அன்புள்ள அக்கா,

ஒன்றரை வருடத்துக்கு மேலாக எழுதவில்லை. போனிலும் வானிலை பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுகிறேன். மன்னித்துவிடு.

எனக்குக் குடியிருப்புப் பத்திரம் கிடைத்துவிட்டது. இப்போது காய்கறி அடைக்கும் ஆலையில் வேலை, கூரைக்குக் கீழே. இங்கும் இந்த வருடம் காசு மாறியது, பெசேத்தா போய் யூரோ வந்தது. ஆனால் இவர்களுக்கு மாற்ற வருடக்கணக்கில் நாள் கொடுத்தார்கள். புது நோட்டை இவர்களும் சேர்ந்துதான் அடிக்கிறார்கள். அதைப் பார்த்தபோது எனக்கு நம் பேங்க் வரிசைதான் ஞாபகம் வந்தது. நான் அந்த வரிசையைப் பார்த்ததே இல்லை, நீ எழுதியதைத்தான்.

இத்துடன் பணம் அனுப்புகிறேன். கடையை மறுபடி நிரப்பு. இன்சுலின், ரத்த அழுத்த மருந்து, குழந்தைகளுக்கான சிரப்பு, இவற்றை முதலில் வாங்கு. கிறிஸ்துமஸுக்கு வரலாம்தான். ஆனால் காலி அலமாரியை மறுபடி பார்க்க என்னால் ஆகாது. கடை நிறையட்டும், வருகிறேன்.

அர்செனியோ அண்ணனுக்கு இன்னும் பத்திரம் வரவில்லை. முதலாளி கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறான்.

செர்வியோ


லோஹா
2 மார்ச் 2003

தம்பி,

சுருக்கமா எழுதறேன், கை ஓடலை.

டெல்ஃபினா போய்ட்டா. சிறுநீரகம் ரெண்டும் போச்சுன்னாங்க. கடைசி நாலு மாசம் தினம் காலையில நான்தான் ஊசி போட்டேன். போன் வழியா அர்செனியோவுக்குச் சொல்லிட்டாங்க, உனக்கும் தெரிஞ்சிருக்கும். கடைசி வாரம் அவ அவரைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தா. "கிளம்பிட்டாரா?"ன்னு. "கிளம்பிட்டார்"னு சொன்னேன். எனக்கு இந்த வேலையே ஆகிப்போச்சு.

இன்னொண்ணு. கடை இல்லை. நீ பணம் அனுப்புறதுக்கு முன்னாடியே இல்லை. போன வருஷம் ஒரு பெரிய கம்பெனி வந்து கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்துக்கிச்சு. ஊர் ஊரா ஒரே மாதிரி கடை போடுறாங்களே, அந்த மாதிரி. அப்பாவோட அலமாரியைக் கழட்டிட்டாங்க. நான் அதே இடத்துல பச்சைக் கோட்டு போட்டுக்கிட்டு சம்பளத்துக்கு நிக்கிறேன். "எனித் அம்மா, கொஞ்சம் குறைச்சுப் போடுங்க"ங்கிறாங்க. விலையை மெஷின் சொல்லுது, நான் பணத்தை வாங்கிப் போடறேன். போன்ல சொல்ல வாய் வரலை. நீ கடை கடைன்னே பேசினே.

நீ அனுப்பின பணத்துல டெல்ஃபினாவுக்கு மருந்து வாங்கினேன், இந்தக் கடையிலயே, புது விலைக்கு. உன்னைக் கேட்காமதான். யார் பணம்னு கேட்டா, "செர்வியோ அனுப்பினான்"னேன். இந்தத் தடவை அது பொய் இல்லை. மிச்சம் பேங்க்ல இருக்கு.

எனித்


லோர்கா
22 ஜூன் 2003

அக்கா,

டெல்ஃபினா அண்ணியின் சேதி வந்த அன்று அர்செனியோ அண்ணன் வேலைக்குப் போகவில்லை. நானும் போகவில்லை. சமையலறையில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். போனால் திரும்ப வர முடியாது, வரவில்லையென்றால் பிள்ளைகளின் படிப்புக்கு வழியில்லை. அதை அவர் ஒரே மாதிரி திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆறுதலாக என்ன சொல்வதென்று தெரியாமல், மனசில் கிடந்தது வெளியே வந்துவிட்டது.

"அண்ணே, நான் போன் பண்ணலை. நான் பூட்டச் சொன்னேன். திறந்தது அக்கா."

அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தெரியும்"னார்.

நான் குவாயாகிலுக்குக் கிளம்பிய அன்று நீ பஸ் நிலையத்துக்கு என்னை வழியனுப்ப வந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? நான் ஜன்னல் வழியாக, "எவன் வந்து அழுதாலும் கதவைத் திறந்துடாதே" என்று கத்தினேன். டெல்ஃபினா அண்ணி பக்கத்து பஸ்ஸுக்கான வரிசையில் நின்றிருக்கிறாள், அண்ணன் சொன்னார். கேட்டிருக்கிறாள். அதனால்தான் மூன்றாம் நாள் வந்தபோது தட்டவே இல்லையாம். திறக்க மாட்டார்கள் என்று தெரிந்தே வந்து உட்கார்ந்திருக்கிறாள், வேறு போக்கிடம் இல்லாமல்.

"தெருவுல பாதிப் பேருக்குத் தெரியும். டெல்ஃபினா யார்கிட்ட சொல்லாம இருந்தா?" என்றார்.

"அப்புறம் ஏன் என்னைக் கூட்டிட்டு வந்தீங்க? ஏன் இவங்ககிட்ட அப்படிச் சொன்னீங்க?"

"உங்க அக்காவுக்குப் பொய் சொல்லவே வராது தம்பி. காது சிவந்து போய், கல்லாவைப் பார்த்துக்கிட்டே சொன்னாங்க. உன் பேரு கெடக் கூடாதுன்னு அவ்வளவு பாடுபடுறாங்க, அதை நாங்க போய்க் கெடுக்கிறதா? எல்லாரும் நம்பிட்டோம்."

பிறகு அவரே சொன்னார்: "எனக்குப் போகணும்னு இருக்கு, வழியில்லை. உனக்கு வழியிருக்கு. மூணு கிறிஸ்துமஸா பார்க்கிறேன், போக மாட்டேங்கிற. கடை நிறையணும்ங்கிற. யாருக்காக?"

அக்கா, உன் காது சிவந்ததை ஊரே பார்த்திருக்கிறது, நான் மட்டும் பார்க்கலை. நான் வந்தப்போ இழுப்பறையைத்தான் பார்த்தேன்.

நான் வரலாமா? கம்பெனிக்காரன் காலி பண்ணினா மறுபடி கடை போடலாமா? ஏதாவது சொல்லு.

செர்வியோ


லோஹா
13 ஜூலை 2003

அன்புள்ள செர்வியோ,

உன் கடிதத்தைப் படிச்சுட்டு ரெண்டு நாள் வேலைக்குப் போகும்போது தலையைக் குனிஞ்சுக்கிட்டே போனேன். மூணு வருஷமா இந்தத் தெரு என் முன்னாடி நடிச்சிருக்கு. "உங்க தம்பி மாதிரி யார் வருவா"ன்னு லூஸ் சொல்லும்போதெல்லாம் நானும் "ஆமாம் ஆமாம்"னு சொல்லியிருக்கேன். அவ எப்படிச் சிரிக்காம இருந்தாளோ. நேத்து அவகிட்டயே கேட்டுட்டேன். "ஏண்டி, உனக்கும் தெரியுமா?" அவ ரொட்டியை எடுத்து வச்சுக்கிட்டே, "எது தெரியாதுன்னு கேளு"ன்னா. அவ்வளவுதான் சொன்னா.

டெல்ஃபினா நினைப்புதான் வந்துக்கிட்டே இருக்கு. நாலு மாசம் தினம் அவ கையைப் பிடிச்சு ஊசி போட்டிருக்கேன். ஒரு நாள்கூட அவ வாயைத் திறக்கலை. உன்னைப் பத்திப் பேச்சு வந்தா, "நல்ல பிள்ளை, சளி பிடிக்காம இருக்கானா?"ன்னுதான் கேட்பா. கடைசியில அவகிட்ட நானும் ஒரு பொய் சொன்னேன், அர்செனியோ கிளம்பிட்டார்னு. அதையும் அவ நம்பின மாதிரி இருந்தாளோ என்னவோ. இப்போ கேட்க ஆள் இல்லை.

கடை பத்திக் கேட்டிருக்கே. பொய் சொல்லி அலுத்துப் போச்சு, நேராவே சொல்றேன். கடை போட முடியாது. கம்பெனிக்காரன் மொத்தமா வாங்குறான், அவன் விக்கிற விலைக்கு நமக்கு வாங்கவே கிடைக்காது. ஜனங்களும் பழகிட்டாங்க. பூட்டியிருந்தா பிழைச்சிருக்குமான்னு சிலசமயம் ராத்திரி படுத்துக்கிட்டு யோசிப்பேன். பிழைச்சிருக்கலாம். ஆனா நான் அந்தக் கதவை மறுபடியும் திறப்பேன்டா, அதையும் சொல்லிடறேன். உன்னைக் கேட்காம திறந்ததுதான் உறுத்துது. குவாயாகில்ல நீ தங்கின ஓட்டல் நம்பர் என்கிட்ட இருந்தது. ஒரு போன் போட்டிருக்கலாம். நீ வேண்டாம்னு சொல்வேன்னு பயந்து போடலை. போட்டிருந்தா நீ என்ன சொல்லியிருப்பேன்னு இப்போ யாருக்குத் தெரியும்?

இந்த மூணு வருஷம் போனது போனதுதான். எனக்கு நரை வந்துடுச்சு. உனக்கும் வந்திருக்கும், போட்டோ கூட அனுப்ப மாட்டேங்கிறே.

அடுத்த மாசத்துலேர்ந்து ஸ்பெயினுக்குப் போக விசா வேணுமாம். சதுக்கத்துல ஏஜென்சி வாசல்ல அடிதடி. எல்லாரும் போறதுக்குத்தான் வழி கேட்கிறாங்க. ஒருத்தனாவது வர்றதுக்கு வழி கேட்கிறானேன்னு உன் கடிதத்தைப் பார்த்து நினைச்சேன்.

நீ வர்றதுக்குக் கடை எதுக்கு? நான் இருக்கேன்.

ஆனா ஒண்ணு, உன் அறையை யுனிவர்சிட்டியில படிக்கிற ஒரு பொண்ணுக்கு வாடகைக்கு விட்டுட்டேன். அடுத்த ஜூன் வரைக்கும் பணம் வாங்கியாச்சு, அவளைப் போகச் சொல்ல முடியாது. நீ கூடத்துலதான் படுக்கணும். அந்தக் கட்டில் ஒரு பக்கம் இறங்கியிருக்கு. தேதியை மட்டும் எழுது. அதுக்குள்ள அர்செனியோவோட பையன்கிட்ட சொல்லிச் சரிபண்ணி வைக்கிறேன்.

உன் அக்கா
எனித்